வரடீயும் ஆறு டப்பாக்களும்



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். அதில் ஆறு டீத்தூள் டப்பா வரிசையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குப் போன் செய்துவிட்டீர்கள். "டீச்சர், கூட்ரோட்டுல டீக்கடை போடப் போறீங்களா?" என்று 1994 செட் பையன் ஒருவன் கேட்டான். "அத்தை, இவ்வளவு டீ குடிச்சா உடம்புக்கு ஆகுமா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பது நிமிட வகுப்பெடுத்தே பழகியவள், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதி நம் வீட்டுப் பெண்களுக்காக எழுதியது. அவசரமாக இருப்பவர்கள் அதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் நன்றி. ஒரு டப்பா ரேஷன் கடை ஊட்டி டீ. மற்ற ஐந்தும் நீங்கள் கொண்டுவந்து கொடுத்தவை. லாரி ஓட்டுகிறவன் குன்னூரிலிருந்து வாங்கி வந்தான். ராணுவத்தில் இருப்பவன் அசாமிலிருந்து கொண்டுவந்தான். வங்கி வேலையில் சிலிகுரிக்கு மாற்றலாகிப் போனவள் டார்ஜிலிங் இலை அனுப்பினாள். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவள் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். லண்டனில் நர்ஸாக இருப்பவள் இரண்டு பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனாள். பெயர் போடவில்லை. யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் வரடீ எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். நம் சாருக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 9-க்கு மேல் போய்விட்டது. மருந்து மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும் என்று நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஆகமொத்தம் பத்து ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவர் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த 50 கிராமும் டீயிலேயே தீர்ந்துபோகிறது. பண்டிகை, கல்யாணம், கோயில் பிரசாதமெல்லாம் அதற்கு மேல்தான்.

சர்க்கரை இல்லாத பால் டீயைச் சார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். "இதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்" என்றார். அவருக்கு டீ என்பது காலை 5 மணிக்குப் பேப்பரோடு ஒன்று, சாயங்காலம் கூட்ரோட்டு நண்பர்களோடு ஒன்று. அதை நிறுத்தினால் நண்பர்களையும் நிறுத்தின மாதிரி. அதனால் டீயை நிறுத்தாமல் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். பாலை எடுத்துவிட்டு, தூளைக் குறைத்து, கொதிக்க விடும் நேரத்தையும் குறைத்துப் பார்த்தேன். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தேன். ஐந்தாவது வாரத்தில் சர்க்கரையே இல்லாமல் குடித்தார். நடை, மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து இப்போது அளவு 7-க்குப் பக்கத்தில் இருக்கிறது. டீ மட்டும் இதைச் செய்யவில்லை. ஆனால் மாதம் ஒன்றரைக் கிலோ சர்க்கரை மளிகைச் சீட்டிலிருந்து காணாமல் போனது உண்மை.

எனக்கு இதில் வேறொரு லாபம். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை ஆயிரம் டம்ளர் டீ போட்டிருப்பேன்! போட்டுக் கொடுத்துவிட்டு, என் பங்கை ஆறிப்போன பிறகு ஒரே மடக்காக விழுங்கிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுவேன். டீக்கு என்ன ருசி என்று உட்கார்ந்து பார்த்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். இதைப் படிக்கிற பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் சொல்வது புரியும்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கம் வரடீ என்கிறோம். கேரளத்தில் கட்டன் சாயா. இலங்கையில் பிளேன்டீ. ஆங்கிலேயன் உலர்ந்த இலையின் நிறத்தைப் பார்த்துக் கறுப்பு என்று பெயர் வைத்தான். சீனர்கள் டம்ளரில் இறங்கும் நிறத்தைப் பார்த்துச் சிவப்புத் தேநீர் என்கிறார்கள். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், சீனர்கள் சொல்வதுதான் சரியென்று தோன்றும். எவர்சில்வர் டம்ளரில் இது தெரியாது. வரடீக்குக் கண்ணாடி டம்ளரோ உள்ளே வெள்ளையாக இருக்கிற பீங்கான் கோப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பச்சை இலை எப்படிக் கறுக்கிறது? கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதல்லவா, அதே கதைதான். இலை கசங்கும்போது அதிலுள்ள பாலிபீனால் என்ற பொருளும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஒன்றையொன்று தொடுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. பச்சை செம்பாகி, செம்பு கருப்பாகிறது. தொழிற்சாலையில் இதைப் புளிக்கவைத்தல் என்பார்கள். ஆனால் இட்லி மாவு புளிப்பது போல இதில் நுண்ணுயிர் வேலை எதுவும் இல்லை. கொழுந்தை வாட்டி, கசக்கி, காற்றாட விட்டு, சூடான காற்றில் உலர்த்தி எடுப்பதே கறுப்புத் தேயிலை. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான் கிடைக்கும்.

கசக்குவதில் இரண்டு முறை உண்டு. இலையை உருட்டிச் சுருட்டுவது பழைய முறை. அதை ஆர்த்தடாக்ஸ் என்பார்கள். பல் வைத்த உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டுவது சி.டி.சி. இந்த எந்திரம் 1930-களில் அசாமில் வந்தது. நம் டீக்கடைகளில் பையில் போட்டு டிக்காஷன் இறக்குவது பெரும்பாலும் சி.டி.சி. டஸ்ட்தான். டஸ்ட் என்றால் குப்பை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சலிக்கும்போது கடைசியாக நிற்கும் பொடி ரகம், அவ்வளவுதான். தூள் பொடியாக இருந்தால் தண்ணீர் படும் பரப்பு அதிகம். பத்தாம் வகுப்பில் சுண்ணாம்புக் கல்லையும் சுண்ணாம்புத் தூளையும் அமிலத்தில் போட்டு எது சீக்கிரம் கரைகிறது என்று பார்த்தோமே, அதே தத்துவம். பொடி ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். முழு இலைக்கு நாலு நிமிடமாவது வேண்டும்.

பாலுக்காகச் செய்த தூளைப் பால் இல்லாமல், பழைய பழக்கத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தால் வாய் இழுத்துக்கொள்ளும். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்வதால்தான் பால் டீ நாக்கில் உறுத்துவதில்லை. "வரடீ நமக்கு ஆகாது டீச்சர், ஒரே கசப்பு" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். அது கசப்புகூட இல்லை, துவர்ப்பு. நெல்லிக்காய், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு கடித்தால் வருமே, அது. அறுசுவை என்று துவர்ப்பையும் சேர்த்து எண்ணியவர்கள் நாம். கசப்பு பெரும்பாலும் காஃபீனிலிருந்து வருகிறது. துவர்ப்பு, பாலிபீனால் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி ருசி பிடிபட்டுவிடும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீர் கடின நீர். கொதிக்க வைக்கிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஒரே தூள், ஒரே அளவு, ஒரே நேரம் வைத்து, போர் தண்ணீரில் ஒன்றும் வடிகட்டிய தண்ணீரில் ஒன்றும் போட்டேன். போர் தண்ணீர் டீ கலங்கி, மங்கிய பழுப்பாக நின்றது. மேலே எண்ணெய் மாதிரி ஓர் ஆடை. ஊதினால் கண்ணாடிச் சில்லு போல உடைகிறது. அது எண்ணெய் இல்லை. தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் டீயின் பொருள்களோடு சேர்ந்து உண்டாக்கும் படலம். வடிகட்டிய தண்ணீரில் போட்டது தெளிந்த சிவப்பு. உங்கள் வீட்டு டீத்தூளைத் திட்டுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

பேரனுக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். மூன்று கண்ணாடி டம்ளரில் ஒரே வரடீ. ஒன்றில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. எலுமிச்சை விட்டது வெளுத்து மஞ்சளாகும். சோடா போட்டது கருத்துவிடும். நடுவில் இருப்பது அப்படியே நிற்கும். லிட்மஸ் தாள் இல்லாமலே அமிலமும் காரமும் விளங்கிவிடும். சோடா போட்டதை மட்டும் குடிக்க வேண்டாம்.

இப்போது அளவு. டீ ருசி பார்ப்பவர்களுக்கென்று ஓர் உலகத் தரம் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103 என்று எண். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். அது ஒரு தூளின் குறையும் நிறையும் வெளியே தெரிவதற்கான அளவு, தினம் குடிப்பதற்கு அல்ல. பேரன் வாங்கிக் கொடுத்த சின்னத் தராசில் நான் எடை போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஸ்பூனில் ஊட்டி டீ 3 கிராம் நின்றது. டார்ஜிலிங் இலை ஒன்றரைக் கிராம்தான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பூன் என்பது சரிவராது. ஒரு டம்ளர், அதாவது 150 மில்லிக்கு எங்கள் வீட்டுக் கணக்கு இது:

ஊட்டி டீ போன்ற சி.டி.சி. தூள்: முக்கால் ஸ்பூன், 2 நிமிடம்.
அசாம் சி.டி.சி.: அரை ஸ்பூனுக்குச் சற்று மேல், 2 நிமிடம்.
நீலகிரி, நுவரெலியா இலை ரகம்: தலைதட்டி ஒன்றேகால் ஸ்பூன், 4 நிமிடம்.
டார்ஜிலிங்: ஒன்றரை ஸ்பூன், 3 நிமிடம்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டு மூடி வையுங்கள். தூளைப் போட்ட பிறகு கொதிக்க விடாதீர்கள். நேரம் ஆனதும் வடிகட்டிவிடுங்கள். ஊட்டியில் இருப்பவர்கள் அரை நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூட்டேரிப்பட்டில் 100 டிகிரிக்குப் பக்கம் போகும்.

குடிக்கும்போது சத்தம் போட்டு உறிஞ்சுங்கள். மாமியார் முறைத்தால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். காற்றும் சேர்ந்து உள்ளே போனால்தான் வாசனை மூக்கின் பின்பக்கம் ஏறும்.

இனி டப்பாக்கள்.

ரேஷன் கடை ஊட்டி டீ. மணம் அவ்வளவு இல்லை. நிறமும் வேகமும் உண்டு. ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டால் காலை வேளைக்குப் போதும். நீலகிரியில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் கொழுந்து கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குப் போய், அங்கிருந்து நம் பைக்கு வருகிறது. பச்சைக் கொழுந்துக்கு விலை கேட்டு அவர்கள் போராடும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், ஆலையில் கரும்போடு வரிசையில் நிற்கும் நம் ஊர் டிராக்டர்கள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

குன்னூர் ஆர்த்தடாக்ஸ். அதே மலை, அதே செடி, ஆனால் சுருட்டிய இலை. மூடியைத் திறந்தாலே பூ வாசனை. ஆறினாலும் தெளிவாகவே இருந்தது. அசாம் டீயை ஃபிரிட்ஜில் வைத்தபோது மோர் விட்ட மாதிரி கலங்கிவிட்டது. காஃபீனும் பாலிபீனாலும் குளிரில் ஒட்டிக்கொள்வதால் அப்படி ஆகிறது. கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், சூடாக்கினால் தெளிந்துவிடும். கத்திரி வெயிலில் குன்னூர் டீயை ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து, பானைத் தண்ணீர் கலந்து சாருக்குக் கொடுத்தேன். பாட்டில் கலரைவிட ஆயிரம் பங்கு மேல்.

அசாம். பிரம்மபுத்திரா சமவெளியில் விளைவது. ஆங்கிலேயர்கள் 1823-இல் அங்கே தேயிலைச் செடியைக் 'கண்டுபிடித்ததாக'ப் புத்தகத்தில் எழுதினார்கள். சிங்போ மக்கள் அதற்கு முன்பே அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். முளைகட்டிய கேழ்வரகை வறுக்கும்போது வீடெல்லாம் ஒரு மணம் வருமே, அதுதான் அசாம் டீயின் மணம். சாருக்குப் பிடித்தது இதுதான். "இதுலதான் டீ குடிச்ச மாதிரி இருக்கு" என்கிறார்.

டார்ஜிலிங். இந்தியாவில் புவிசார் குறியீடு முதலில் வாங்கிய பொருள் இதுதான். நிறம் ரொம்ப லேசு. சார் பார்த்துவிட்டு, "தூள் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். மே, ஜூனில் பறிக்கும் இரண்டாம் பருவ இலையில் மஸ்கட் திராட்சை மணம் இருக்கும் என்பார்கள். மஸ்கட் என்றால் என்னவோ என்று மலைக்க வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற நம் பன்னீர் திராட்சைதான் அந்த மஸ்கட் இனம். தத்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னப் பூச்சி கொழுந்தின் சாற்றை உறிஞ்சும்போது, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களுக்கும் அந்த மணத்தில் பங்கு உண்டு. நெல்லில் தத்துப்பூச்சி என்றால் நாம் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அங்கே அதனாலேயே ருசி கூடுகிறது. இதைச் சொன்னதும் எங்கள் வீட்டில் நடவுக்கு வரும் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

லண்டன் டப்பா. ஒன்று இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட். பெயர்தான் இங்கிலீஷ். உள்ளே இருப்பது பொதுவாக அசாம், இலங்கை, கென்யா இலைகளின் கலவை. இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது. இன்னொன்று ஏர்ல் கிரே. இத்தாலியில் விளையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய் கலந்தது. நார்த்தங்காய்த் தோலைக் கீறினால் வரும் வாசனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது. சார், "சோப்பு போட்டுக் கழுவின டம்ளரா?" என்று கேட்டுவிட்டார்.

நுவரெலியா டப்பாவைக் கடைசிக்கு வைத்தேன். காரணம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் சத்துணவுக்கூடத்தில் இருந்த அம்மாவை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். டீயைத் 'தேத்தண்ணி' என்பார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, எங்கெங்கோ அலைந்து நம் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு டம்ளர் வரடீ போடுவார். வெல்லத்தை அதில் கரைக்க மாட்டார். ஒரு துண்டை வாயில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சுவார். "ஏம்மா பால் ஊத்தல?" என்று ஒருநாள் கேட்டேன். "பாலுக்கு எங்க போறது டீச்சர்? லயத்துல எல்லாருக்கும் சாயத்தண்ணிதான். நல்ல தூளெல்லாம் கப்பல்ல போயிரும். எங்களுக்கு அடித்தூளு" என்றார். கொழுந்து கிள்ளிய கைக்கு நல்ல தூள் எட்டவில்லை.

அந்தக் கதை பெரியது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869-இலிருந்து இலைத்துரு நோய் வந்து இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. மலையை வெட்டித் திருத்தி நட்டதும் பறித்ததும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன மக்கள். சுதந்திரம் வந்த 1948-இலேயே குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று பாகம் பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் நம் அரசு வனத்துறை மூலம் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆனது. ஒரு மலையில் கொழுந்து கிள்ளிய கை, கடல் தாண்டி வந்து இன்னொரு மலையில் கொழுந்து கிள்ளியது.

இந்தப் பக்கமும் சும்மா இல்லை. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலுக்கு 'ரெட் டீ' என்று பெயர் வைத்தார். தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. பாலாவின் 'பரதேசி' படத்துக்கு மூலம் அதுதான். படித்திராதவர்கள் படியுங்கள். தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு மருத்துவர் எழுதியது.

நுவரெலியா டீ லேசான பொன்னிறம், எலுமிச்சை இலையைக் கசக்கிய மாதிரி மணம். வெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு அந்த அம்மா குடித்த மாதிரியே குடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது. அவர் இப்போது இல்லை. அவர் பறித்த மலையின் நல்ல தூளில் ஒரு டம்ளர் போட்டுக் கொடுக்க எனக்கு வாய்க்கவில்லை.

டீத்தூள் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. உதிரியாக வாங்கும் தூளை வெள்ளை வடிதாளில் பரப்பி, மேலே கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்து, தூளை எடுத்துவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் ஏற்றாத தூள் அநேகமாகக் கறை விடாது. பளிச்சென்று நிறம் ஊறியிருந்தால் அந்தத் தூள் வேண்டாம். ஒரு காந்தத்தையும் மேலே ஆட்டிப் பாருங்கள், இரும்புத்தூள் கலந்திருந்தால் ஒட்டும்.

இனி, முதலில் சொன்ன அந்தக் கடைசிப் பகுதி.

நம் சொந்தத்தில் ஒரு பெண். பெயர் வேண்டாம். ஏழாவது மாதம். ஹீமோகுளோபின் 8.2. இரும்புச்சத்து மாத்திரை ஒரு நாள்கூடத் தவறாமல் போடுகிறாள், முருங்கைக்கீரை சாப்பிடுகிறாள், அப்படியும் ஏறவில்லை என்று அவள் அம்மா அழுதாள். நான் ஒரு நாள் அங்கே தங்கியிருந்து பார்த்தேன். காலை டிபன் முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதன் மேலேயே ஒரு டம்ளர் டீயைக் குடிக்கிறாள். மதியம் கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு இன்னொரு டீ. டீயிலுள்ள பாலிபீனால் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அதிலும் கீரை, கேழ்வரகு, பயறு இவற்றிலுள்ள இரும்பைத்தான் அதிகம் தடுக்கும். பால் டீ, வரடீ இரண்டும் ஒன்றுதான். இந்த ஊருக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டுச் சொந்த வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லாமல் இருப்பேனா! உட்கார வைத்துச் சொன்னேன். மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டாள், டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளினாள். டாக்டரிடமும் இதைச் சொல்ல வைத்தேன், அவரும் மருந்தை மாற்றிக் கொடுத்தார். அடுத்த மாதம் 9.6. எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் டீயைத் தள்ளி வைக்க ஒரு பைசா செலவில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. எனக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவையே இல்லை. காலை இறைவணக்கத்தில் மயங்கி விழுந்த எத்தனை பெண்பிள்ளைகளை நான் தோளில் சாய்த்து ஓய்வறைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். "காலைல என்னம்மா சாப்பிட்ட?" என்றால், "டீயும் பொறையும் மிஸ்" என்பதுதான் பதில். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு அம்மாக்கள். அவர்கள் பிள்ளைகளும் டீயும் பொறையும் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

நான் டீக்கு எதிரி இல்லை, ஆறு டப்பாவும் சாட்சி. காலையில் வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். வளரும் பெண்பிள்ளைக்குச் சாப்பாட்டுக்குப் பதிலாக டீ கொடுக்கவே வேண்டாம். தைராய்டு மாத்திரையும் வெறும் தண்ணீரோடுதான், டீயோடு அல்ல. மாலை ஆறுக்கு மேல் குடித்தால் என்னைப் போன்ற வயசாளிகளுக்குத் தூக்கம் போய்விடும். முற்பகல் 11 மணியும் சாயங்காலம் 4 மணியும்தான் எங்கள் வீட்டில் டீ நேரம். அப்போது வரும் யாருக்கும் எந்த டப்பா வேண்டுமோ அதில் போட்டுத் தருகிறேன். இனிமேல் யாராவது டீத்தூள் வாங்கி வருவதாக இருந்தால் 100 கிராம் போதும். நாளானால் மணம் போய்விடுகிறது.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் வகுப்பை முடித்தால் உங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும். நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டில் அம்மா, மனைவி, மகள், மருமகள் யார் எப்போது டீ குடிக்கிறார்கள், மாத்திரையை எதோடு விழுங்குகிறார்கள், டீக்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டார்களா என்று கவனியுங்கள். சொல்லாமல் கவனியுங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கூட்டேரிப்பட்டு